'%முனை' என்று தேடினால் என்ன வரும்? தரவுத்தளத்தில் கோலம் வைத்துத் தேடுவது

கிழக்கிலங்கையில் காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் பிள்ளைகள் சேர்ந்திருக்கிற ஒரு ஒன்லைன் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். அதன் பெயர்ப்பட்டியல் ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அட்டவணையின் பெயர் மாணவர். பெயர், ஊர், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் என்று நான்கு புலங்கள். பிள்ளைகள் தாங்களே படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள். ஆகவே ஊர் என்ற இடத்தில் ஒருவர் 'கல்முனை' என்றும், இன்னொருவர் 'கல்முனை 02' என்றும், மற்றவர் 'நான் கல்முனையில் இருக்கிறேன்' என்றும் எழுதியிருப்பார்கள். படிவம் என்றால் அப்படித்தான்.

சமக்குறி போட்டு ஊர் = 'கல்முனை' என்று கேட்டால் முதலாமவர் மட்டும் கிடைப்பார். சமக்குறிக்கு முழுச்சொல்லும் அப்படியே இருக்க வேண்டும்; நடுவில் ஓர் இடைவெளி கூடினாலும் சரிவராது. இந்த இடத்துக்காகத்தான் எஸ்கியூஎல் மொழியில், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியில், லைக் ('போல') என்ற சொல் இருக்கிறது. எஸ்கியூஎல் 1970களில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் உருவான மொழி. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனம் அதை முதன்முதலாகத் தரப்படுத்தியபோதே லைக் அதற்குள் இருந்தது. அதனால் எஸ்கியூஎல் பேசும் எந்தத் தரவுத்தளத்தை எடுத்தாலும் இது வேலை செய்யும்.

ஒரு விடயம்: வினவலில் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியில்) வரும் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் அடிக்கும்போது செலக்ட், வேர், லைக் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேதான் அடிக்க வேண்டும். மேற்கோளுக்குள் இருக்கிற தமிழ் அப்படியே தமிழாக இருக்கலாம். செலக்ட் என்றால் 'இவற்றை எடு', ஃப்ரம் என்றால் 'இந்த அட்டவணையிலிருந்து', வேர் என்றால் 'இந்த நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை'.

செலக்ட் பெயர், ஊர் ஃப்ரம் மாணவர் வேர் ஊர் லைக் '%முனை';

இதிலுள்ள வீதக்குறிக்குப் பொருள், 'இந்த இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்'. ஆக இந்தக் கோலம் (தேடும் சொல் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டும் அச்சு) கேட்பது ஒன்றைத்தான்: கடைசியில் 'முனை' இருக்க வேண்டும். கல்முனை, மருதமுனை, பாலமுனை, வீரமுனை, நற்பிட்டிமுனை எல்லாம் வரும். வீதக்குறியைப் பின்னால் போட்டு 'கல்%' என்றால் கல்முனை, கல்லடி, கல்குடா என்று 'கல்'லில் தொடங்குபவை வரும். பெரியகல்லாறு வராது, அங்கே 'கல்' நடுவில் இருப்பதால். இரண்டு பக்கமும் போட்டு '%கல்%' என்றால் அதுவும் வந்துவிடும்.

'ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்' என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் அது நல்ல உதவி. ஊர்ப்பெயரைச் சிலர் 'பெரியகல்லாறு' என்று சேர்த்து எழுதுவார்கள், சிலர் 'பெரிய கல்லாறு' என்று பிரித்து எழுதுவார்கள். 'பெரிய%கல்லாறு' என்ற ஒரே கோலம் இரண்டையும் பிடிக்கும்.

பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களை வைத்துப் பார்த்தால் இரண்டு பக்க வீதக்குறி ஏன் தேவை என்று விளங்கும். மண்முனை வடக்கு, மண்முனைப்பற்று, மண்முனை தென் எருவில் பற்று. மூன்றிலும் 'முனை' இருக்கிறது, எதிலும் அது கடைசியில் இல்லை. '%முனை' இவற்றைத் திரும்பியும் பார்க்காது. '%முனை%' மூன்றையும் கொண்டுவரும்.

சரி, இப்போது கொஞ்சம் வில்லங்கமான ஒன்று. ஒலுவில், தம்பிலுவில், பொத்துவில், எருவில். நம் பக்கத்தில் 'வில்' என்று முடியும் ஊர்கள் இப்படிப் பல. இவற்றைத் திரட்ட '%வில்' என்று கேட்டால் நான்கும் வரும், கூடவே திருக்கோவிலும் வரும். கோவில் என்ற சொல்லும் 'வில்'லில்தானே முடிகிறது! தரவுத்தளத்துக்கு அது கோவிலா, வில்லா என்பது தெரியாது. கடைசி எழுத்துகள் பொருந்தினால் போதும். வேண்டாததை வெளியே தள்ள நொட் லைக் இருக்கிறது:

ஊர் லைக் '%வில்' அண்ட் ஊர் நொட் லைக் '%கோவில்'

இப்படி ஒரு வலையை வீசிவிட்டு, அகப்பட்டதில் வேண்டாததை எடுத்துப் போடுவதுதான் கோலத் தேடலில் பாதி வேலை. முதல் முயற்சியிலேயே கச்சிதமான கோலம் எழுத முயல்வதைவிட இந்த வழி எளிது என்பது என் அபிப்பிராயம்.

தமிழ் எழுத்தும் கீழ்க்கோடும்

லைக்குக்கு இரண்டாவது குறி ஒன்று உண்டு: கீழ்க்கோடு. அது சரியாக ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கும். ஆங்கிலப் பாடநூல்களில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தமிழில் அப்படிப் போக முடியாது, ஏனென்றால் நாம் ஓர் எழுத்து என்பதும் கணினி ஓர் எழுத்து என்பதும் வேறு.

கல்முனை என்பதில் நமக்கு நான்கு எழுத்து: க, ல், மு, னை. கணினிக்குள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் இலக்கம் கொடுக்கும் யூனிகோட் முறைப்படி, அது ஏழு: க, ல, புள்ளி, ம, உகரக்குறி, ன, ஐகாரக்குறி. யூனிகோட் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கொடுக்கவில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18, உயிர்க்குறிகள் 11, புள்ளி 1. இந்த 43ஐயும் வைத்தே 247 எழுத்துகளும் கட்டப்படுகின்றன. இலக்கணத்தில் க் என்ற மெய்யோடு அகரம் சேர்ந்து க வருகிறது. கணினியிலோ க என்பதுதான் அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால் க். தலைகீழ்தான், ஆனால் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

'முனை'க்கு முன்னால் இரண்டெழுத்து உள்ள ஊர்கள் வேண்டும் என்று நினைத்து '__முனை' என்று இரண்டு கீழ்க்கோடு போட்டால் கல்முனை வராது. 'கல்' என்பது க, ல, புள்ளி என மூன்று. மூன்று கீழ்க்கோடு போட்டு '___முனை' என்று கேளுங்கள். கல்முனை வரும், மண்முனை வரும், பாலமுனையும் வீரமுனையும் வரும் (ப, ஆகாரக்குறி, ல என்று அங்கும் மூன்றுதான்). மருதமுனை வராது, 'மருத' என்பது ம, ர, உகரக்குறி, த என நான்கு. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் என்ற மூன்று தரவுத்தள மென்பொருள்களிலும் எண்ணிக்கை இப்படித்தான்.

கீழ்க்கோடு எங்கே கைகொடுக்கும் என்றால், ஓரெழுத்து மாறி எழுதப்படும் சொற்களில். அம்பாறையைச் சிலர் அம்பாரை என்று எழுதுவார்கள். 'அம்பா__' என்றால் இரண்டும் வரும்: முதற்கோடு றகரத்துக்கோ ரகரத்துக்கோ, இரண்டாவது ஐகாரக்குறிக்கு.

இன்னும் நல்ல உதாரணம் முகம்மது என்ற பெயர். காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் இது முகம்மது, முஹம்மது, முகமது, முஹம்மத் என்று நாலு விதமாக இருக்கும். 'மு_ம%' என்ற கோலம் நான்கையும் பிடிக்கும்: மு, அதன்பின் ககரமோ ஹகரமோ, அதன்பின் மகரம், அப்புறம் என்னவும். மொஹமட் என்று எழுதியவர் தப்பிவிடுவார், ஆகவே அவருக்காக 'ஓர்' (ஆங்கிலத்தில் 'அல்லது') போட்டு இன்னொரு கோலம் சேர்க்க வேண்டும். பெயர்ப் புலத்தில் இந்தக் கோலம் பெரிதாகப் பிழைக்காது. ஊர்ப் புலத்தில் ஓடவிட்டால் வடக்கிலிருக்கும் முகமாலையும் வந்து நிற்கும்.

வேற்றுமை உருபு வந்தால்

தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது உருமாறும். கோலத் தேடலில் நம்மை அதிகம் ஏமாற்றுவது இதுதான். குறிப்பு, முகவரி, முறைப்பாடு போன்ற நீளமான உரைப் புலங்களில் தேடுகிறவர்கள் இந்தப் பகுதியை ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

'மட்டக்களப்பில் பிறந்தவர்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. '%மட்டக்களப்பு%' என்று தேடினால் அது கிடைக்குமா? கிடைக்காது. மட்டக்களப்பு என்பதன் கடைசி ப, உகரக்குறி. மட்டக்களப்பில் என்பதில் அதே ப, அடுத்து இகரக்குறி. இரு பக்கமும் வீதக்குறி இருந்தாலும் கோலத்துக்குள் இருக்கும் உகரக்குறி அங்கே இல்லை. 'மட்டக்களப்புக்கு' என்று எழுதியவர் கிடைப்பார், 'மட்டக்களப்பிலிருந்து' என்று எழுதியவர் கிடைக்க மாட்டார். பாதிப் பேர் வந்து பாதிப் பேர் வராமல் போவதால் பிழை கண்ணில் படுவதும் இல்லை. ஒருவரும் வராவிட்டால் யோசிப்போம். பாதி வந்தால் சரியென்று விட்டுவிடுவோம்.

வழி மிக எளிது. கடைசிக் குறியை உதிர்த்துவிட்டு, வெறும் பகரத்தோடு நிறுத்துங்கள்:

குறிப்பு லைக் '%மட்டக்களப்ப%'

வாசிக்கக் கோணலாக இருக்கும். ஆனால் மட்டக்களப்பு, மட்டக்களப்பில், மட்டக்களப்பை, மட்டக்களப்புக்கு, மட்டக்களப்பார் எல்லாம் இதற்குள் அடங்கும். அக்கரைப்பற்றுக்கும் இதே வைத்தியம்: '%அக்கரைப்பற்ற%'.

மெய்யெழுத்தில் முடியும் ஊர்களிலும் இதே சிக்கல் வேறு வேடத்தில் வரும். ஏறாவூர் என்பதன் முடிவில் ர, புள்ளி. ஏறாவூரில் என்றதும் புள்ளி போய் இகரக்குறி வந்துவிடுகிறது. ஆகவே '%ஏறாவூர்%' என்ற கோலத்தில் ஏறாவூரில் சிக்காது. புள்ளியை எடுத்துவிட்டு '%ஏறாவூர%' என்றால் சிக்கும். நிந்தவூர், ஒலுவில், செங்கலடிக்கு அந்தப் பக்கமிருக்கும் கிரான் எல்லாம் இப்படியே. மகர மெய்யில் முடிபவை இன்னும் ஒரு படி மேலே. குருக்கள்மடம் குருக்கள்மடத்தில் ஆகும்போது மகரமே போய்விடும். அங்கே 'மட' வரைக்கும் வெட்ட வேண்டும்: '%குருக்கள்மட%'. இகரத்திலும் ஐகாரத்திலும் முடிகிற காத்தான்குடி, கல்முனை, வாழைச்சேனை போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. யகரம் வந்து ஒட்டிக்கொள்ளுமே தவிர, உள்ள எழுத்து மாறாது.

வெட்ட வெட்ட வலை அகலும் என்பதையும் சொல்ல வேண்டும். 'கிரான்' என்பதை 'கிரான' வரை வெட்டினாலும் கிரான்குளம் விடுபடாது, அதுவும் வரும். அங்கே திரும்பவும் நொட் லைக்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

சில வேளை கோலம் சரியாக இருக்கும், திரையில் பார்த்தால் தரவும் சரியாக இருக்கும், ஆனாலும் பதில் வராது. கொக்கட்டிச்சோலை, கோமாரி, பொத்துவில் போன்ற பெயர்களில் இதைப் பார்க்கலாம். ஒகரக்குறியை யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, தனி ஒரே குறியாக. மற்றது, எகரக்குறியும் ஆகாரக்குறியும் அடுத்தடுத்து. ஓகாரத்துக்கும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். லைக்குக்கு அவை வேறு வேறு. பழைய தட்டச்சுச் செயலிகளிலிருந்தும் பிடிஎஃப் கோப்புகளிலிருந்தும் நகலெடுத்து ஒட்டிய உரையில் இந்த இரட்டைக்குறி வரக்கூடும். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து (2020) நோர்மலைஸ் என்ற செயற்பாடு ஒன்றைத் தருகிறது. என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் எல்லாவற்றையும் ஒரே குறியாக ஆக்கித் தரும். தேடும்போது மாற்றுவதைவிட, தரவு உள்ளே வரும்போதே மாற்றிச் சேமிப்பது நல்லது.

ஔகாரத்தில் இன்னொரு குழப்பம். கௌரி என்ற பெயரைச் சிலர் எகரக்குறி போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்து கெளரி என்று எழுதிவிடுவார்கள். இது குறியின் இன்னொரு வடிவம் இல்லை, வேறு எழுத்து. நோர்மலைஸ் இதைத் திருத்தாது.

பாமினியைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டு அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் அடித்துச் சேமித்த பழைய கோப்புகள் ஏராளம். அவற்றில் உண்மையில் தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சேமிக்கப்பட்டிருப்பவை, எழுத்துருவின் உபயத்தால் தமிழாகத் தெரிகின்றன. அந்தத் தரவில் '%முனை' என்று யூனிகோட்டில் தேடினால் ஒன்றும் வராது. முதலில் எழுத்துரு மாற்றியால் யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் தேடலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இலக்கங்களில் கோலம்

இலக்கங்களில் இத்தனை கரைச்சல் இல்லை. தொலைபேசிப் புலம் உரையாகச் சேமிக்கப்பட்டிருந்தால் '065%' மட்டக்களப்புப் பக்கத்து நிலையான இணைப்புகளையும், '063%' அம்பாறையையும், '067%' கல்முனையையும் தரும். எண்ணாகச் சேமித்திருந்தால் முன்னாலுள்ள பூச்சியம் போய்விடும். அதனால்தான் தொலைபேசி இலக்கத்தை எப்போதும் உரையாக வைக்கச் சொல்கிறார்கள்.

அடையாள அட்டை இலக்கம் கோலம் பழக ஓர் அருமையான இடம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும், மொத்தம் பத்து. 2016 முதல் வரும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். பழையதில் முதல் இரண்டும் புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஆகவே அந்த மூன்றில் முதலாவது 5, 6, 7, 8 ஆக இருந்தால் அது பெண்ணின் அட்டை.

பழைய அட்டையை நினைத்து '__8%' என்று எழுதினால் என்ன நடக்கும்? புதிய அட்டையில் 1980களில் பிறந்த ஆண்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள், ஏனென்றால் 1985 என்பதன் மூன்றாவது இலக்கமும் 8தான். முன்னாலிருந்து எண்ணினால்தான் இந்தச் சிக்கல். பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள்: இரண்டு வகை அட்டையிலும் அந்த இலக்கத்துக்குப் பின்னால் சரியாக ஏழு இடங்கள். ஆக '%8_______' என்று ஏழு கீழ்க்கோடு போட்டால் பழையதும் புதியதும் ஒரே கோலத்தில் அடங்கும். 5, 6, 7க்கும் இப்படியே எழுதி 'ஓர்' போட்டு இணைக்க வேண்டும். எழுதியவர் கடைசியில் ஓர் இடைவெளியை விட்டிருந்தால் எண்ணிக்கை குழம்பும். டிரிம் செயற்பாட்டால் அதை வெட்டிவிட்டுத் தேடலாம்.

தேட வேண்டியதே வீதக்குறியாக இருந்தால்? உரக்கடைப் பட்டியலில் 'யூரியா 46% நைதரசன்' என்ற வரியைத் தேடுகிறோம். '%46%' என்றால் 460 ரூபாவும் வரும், 1946உம் வரும். விடுவிப்புக் குறி ஒன்றை நாமே தெரிவு செய்து சொல்லலாம்:

விபரம் லைக் '%46!%%' எஸ்கேப் '!'

ஆச்சரியக்குறிக்கு அடுத்து வரும் வீதக்குறி வெறும் வீதக்குறியாகவே எடுத்துக்கொள்ளப்படும். கீழ்க்கோட்டைத் தேடவும் இதே வழி.

வெறுமையான புலங்களையும் மறக்கக் கூடாது. ஊரை நிரப்பாமல் விட்டவரின் ஊர் 'நல்' (ஒன்றுமே இல்லை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்) என்று இருக்கும். லைக் '%' என்றாலும் அவர் வரமாட்டார், நொட் லைக் '%முனை' என்றாலும் வரமாட்டார். அவரைத் தேட ஈஸ் நல் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

தரவுத்தளங்களுக்குள் சில வேறுபாடுகள் உண்டு. சின்ன அலுவலகங்களில் இன்னும் ஓடும் மைக்ரோசொஃப்ட் ஆக்சஸில் வழக்கமாக வீதக்குறிக்குப் பதில் நட்சத்திரக்குறி, கீழ்க்கோட்டுக்குப் பதில் கேள்விக்குறி. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் அந்தக் கவலை நமக்கு இல்லை. பெயர்களை ஆங்கிலத்தில் சேமித்திருந்தால் போஸ்ட்கிரெஸில் லைக் அந்த வேறுபாட்டைப் பார்க்கும், ஐலைக் பார்க்காது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. அகரவரிசையில் அச்சிட்ட ஒரு பெயர்ப்பட்டியலில் 'கம'வில் தொடங்கும் பெயர்களைத் தேடுவது நொடி வேலை. 'ராஜா'வில் முடியும் பெயர்களைத் தேட முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்க வேண்டும். தரவுத்தளத்தின் சுட்டியும் (தேடலை விரைவாக்க அது வைத்திருக்கும் வரிசைப்பட்டியலும்) அப்படித்தான். 'கல்%' சுட்டியைப் பயன்படுத்தலாம், '%முனை' பயன்படுத்தாது. முந்நூறு பிள்ளைகளின் பட்டியலில் இது தெரியாது. இலட்சக்கணக்கில் போகும்போது தெரியும். அப்போது போஸ்ட்கிரெஸில் மும்மூன்று எழுத்தாக வெட்டிச் சுட்டி அமைக்கும் டிரைகிராம் நீட்டிப்பை நாடலாம்.

லைக்குக்கு எட்டாத வேலைகளுக்கு ரெகெக்ஸ் எனப்படும் கோல மொழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஊர் ~ '(குடி|முனை|சேனை)$' என்று ஒரே வரியில் மூன்று முடிவுகளையும் கேட்கலாம். 'அம்பா[றர]' என்று, அந்த இடத்தில் இந்த இரண்டில் ஒன்றுதான் வரலாம் என்று கட்டுப்படுத்தலாம். ஆனால் அதுவும் மேலே சொன்ன 43 குறிகளைத்தான் பார்க்கும். புள்ளியும் உயிர்க்குறியும் அங்கும் தனித்தனிதான். லைக் நன்றாகக் கைவந்தபின் அதற்குப் போனால் போதும்.

செலக்டோடு நிற்கும்வரை பிழையான கோலத்தால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. அப்டேட் (மாற்று), டிலீட் (அழி) இரண்டிலும் கோலத்தைப் போடுமுன் அதே கோலத்தைச் செலக்டில் போட்டு, வருகிற நிரைகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். '%முனை' என்று முடிகிறவர்களுக்கெல்லாம் மாவட்டம் அம்பாறை என்று ஒரே அடியில் எழுதிவிடலாம் என்று தோன்றும். கல்முனைக்கும் மருதமுனைக்கும் வீரமுனைக்கும் அது சரி. மண்முனை மட்டக்களப்பு மாவட்டம். அதை நொட் லைக் போட்டு விலக்கலாம். பாலமுனையை எந்தக் கோலத்தாலும் பிரிக்க முடியாது. அட்டாளைச்சேனைக்குப் பக்கத்தில் ஒரு பாலமுனை, காத்தான்குடிக்குப் பக்கத்தில் இன்னொரு பாலமுனை, எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அந்தப் பிள்ளைகளின் தபால் குறியீட்டை வேறு புலத்தில் கேட்டு வாங்கினால்தான் உண்டு.